பதிவேட்டில் இல்லாதவருக்கு யார் பாடம் நடத்துவது?
தோல் ஷாப்புகளின் ரசாயன வரலாறு குறித்துச் சில கேள்விகள்

'விஷவாயு தாக்கி மூன்று பேர் பலி.' தமிழ்ப் பத்திரிகைகள் அச்சுக்கோத்துத் தயாராய் வைத்திருந்து வேண்டும்போதெல்லாம் எடுத்துப் போடுகிற வரி இது. ஊர்ப் பெயரும் எண்ணிக்கையும்தான் மாறும். வாயு நடந்து வந்து யாரையும் தாக்குவதில்லை. அது கிடந்த இடத்திலேயே கிடந்தது. ஆளைத்தான் அங்கே இறக்கினார்கள். இறக்கியது யார், இறங்கியவர் எந்தத் தெருவைச் சேர்ந்தவர், என்ன கூலிக்கு இறங்கினார் என்பது எதுவும் அந்த வரியில் கிடையாது. அதற்கு அடுத்த வரி ஒன்று உண்டு. 'போதிய பயிற்சியும் பாதுகாப்பு உபகரணமும் இல்லாமல் இறங்கியதே விபத்துக்குக் காரணம் எனத் தெரிகிறது.' என்னமோ செத்துப்போனவர் பயிற்சி வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு இறங்கியது போல.

இந்த இரண்டாவது வரியைத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறேன். பயிற்சி இல்லை என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பயிற்சியைக் கொடுக்க வேண்டியவர் யார், எந்த ஆண்டிலிருந்து கொடுக்க வேண்டியவர், கொடுத்ததாகச் சொல்லப்படுகிற பயிற்சி யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று கேட்டால் அது ஒரு வரலாறாக விரிகிறது. பாலாற்றங்கரைத் தோல் ஷாப்புகளை வைத்து அதைச் சொல்லிப் பார்க்கிறேன். எனக்குத் தெரிந்த இடம் அது. எங்கள் தெருவில் பாதிப் பேருக்குச் சோறு போட்டதும் பாதிப் பேருக்குக் கையைத் தின்றதும் அதுதான்.

1. பட்டையும் குரோமும்

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை; தெற்கே திண்டுக்கல்; மேற்கே ஈரோடு. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சென்னை மாகாணத்திலிருந்து பாதி பதனிட்ட தோல் கப்பலேறி லண்டன் சந்தைக்குப் போய்க்கொண்டிருந்தது. பதனிட்டது ஆவாரம்பட்டையாலும் கடுக்காயாலும். பட்டை நம்ம ஊர்ப் புதரில் விளைவது. வெட்டி வந்ததும் இடித்ததும் ஊறல் போட்டதும் நம்ம சனங்கள். எங்கள் தாத்தா காலத்து ஆட்கள் பட்டைத் தண்ணியைக் கையில் அள்ளி, நிறம் பார்த்து, நாக்கு நுனியில் தொட்டுத் துவர்ப்புப் பார்த்து, 'இன்னும் ரெண்டு நாளு' என்று சொல்வார்களாம். எழுத்து வாசனை இல்லாதவர்கள். ஆனால் அந்தத் தொட்டிக்குள் என்ன நடக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். அந்தப் பாடத்தை அப்பன் மகனுக்குச் சொன்னான், மாமன் மருமகனுக்குச் சொன்னான்.

பட்டைக் காலத்தைப் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. சுண்ணாம்புத் தொட்டி அன்றைக்கும் விரல் இடுக்கை அரித்தது. பச்சைத் தோலிலிருந்து அடைப்பான் நோய் மனுசருக்குத் தொற்றியது. சேரிக்காரனைத் தவிர வேறு யாரும் அந்தத் தொட்டிக்குள் கால் வைக்கவில்லை. நான் சொல்ல வருவது ஒன்றுதான்: வேலை இழிவாக வைக்கப்பட்டிருந்தாலும் அந்த வேலையின் அறிவு வேலை செய்தவர் கையில் இருந்தது.

குரோம் வந்தபோது அது கைமாறியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற வெள்ளைக்கார அதிகாரி சென்னையில் குரோம் பதனிடுதலைச் சோதித்துப் பார்த்தார். பிறகு பல்லாவரத்துப் பக்கம் குரோம் லெதர் கம்பெனி வந்தது. குரோம்பேட்டை என்கிற ஊர்ப் பெயரே அதிலிருந்து வந்ததுதான். 1948இல் அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. ஆனாலும் பாலாற்றங்கரையில் பட்டைதான் நெடுங்காலம் ஓடிக்கொண்டிருந்தது. நிலைமையைப் புரட்டிப் போட்டது 1970கள். பாதி பதனிட்ட தோலை விற்பதைக் குறைத்து, முடித்த தோலையும் செருப்பையும் விற்றால்தான் அந்நியச் செலாவணி கூடும் என்று சீதாராமையா குழு 1972இல் சொன்னது. அதையொட்டி ஏற்றுமதிக் கட்டுப்பாடு வந்தது. ஷாப்புக்கு ஷாப்பு டிரம் இறங்கியது. மூட்டை மூட்டையாய் குரோம் பவுடர், சோடியம் சல்பைடு, கேன் கேனாய் கந்தக அமிலம் வந்து இறங்கின.

அந்த மூட்டைகளின் மேல் எல்லாம் இங்கிலீசில் எழுதியிருந்தது. உள்ளே என்ன என்பது முதலாளிக்கும் டெக்னீசியனுக்கும் தெரியும். தூக்கிக் கொட்டுகிறவருக்கு 'மஞ்சா மூட்டை', 'பச்ச மூட்டை' என்று நிறம்தான் தெரியும். நாக்கில் தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்கிற அறிவு ஒரே தலைமுறையில் செல்லாக்காசாகிவிட்டது. அதற்குப் பதிலாக வேறு அறிவு தரப்பட்டதா? இல்லை. தொழில் மாறியபோது தொழிற்சாலை மாறியது, இயந்திரம் மாறியது, சந்தை மாறியது. சுண்ணாம்புத் தொட்டியில் நின்ற சாதி மட்டும் மாறவில்லை.

அம்பேத்கர் இதை வேறு ஊரில், வேறு தொழிலில் பார்த்தார். 1938இல் மன்மாடில் கூடிய தாழ்த்தப்பட்ட ரயில்வே தொழிலாளர் மாநாட்டில், தொழிலாளருக்கு எதிரி இரண்டு, ஒன்று பார்ப்பனியம், மற்றொன்று முதலாளியம் என்று அவர் பேசியது நமக்குத் தெரியும். பம்பாய்ப் பஞ்சாலைகளில் நல்ல கூலி தருகிற நெசவுப் பிரிவுக்குள் தீண்டத்தகாதவர் நுழைய முடியவில்லை. தறியில் இழை அறுந்தால் எச்சில் தொட்டுக் கோக்க வேண்டும், தீட்டுப் பட்டுவிடும் என்றார்கள். பஞ்சாலையில் ஒரு பிரிவுக்குள் நம்மை விடாமல் தடுத்த அதே சாதிதான், தோல் ஷாப்பில் ஒரு பிரிவை விட்டு வெளியே போக விடாமல் தடுத்தது. எந்த ரசாயனம் யார் மேல் படும் என்பதைத் தீர்மானித்தது வேதியியல் இல்லை.

அதே அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைசிராய் கவுன்சிலில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தார். அவர் காலத்தில், 1944இல், அமைக்கப்பட்டதுதான் தொழிலாளர் விசாரணைக் குழு. அந்தக் குழு எடுத்துக்கொண்ட தொழில்களில் தோல் பதனிடுதலும் ஒன்று. அதற்கென்று தனி அறிக்கையே 1946இல் வந்தது. தோல் ஷாப்புத் தொழிலாளியின் நிலைமையைச் சர்க்கார் அறியாமல் இருந்தது என்று யாரும் சொல்ல முடியாது.

2. சட்டம் எழுதி வைத்தது

சுதந்திரம் வந்த மறு வருஷம், 1948இல், தொழிற்சாலைச் சட்டம் வந்தது. அதன் 36ஆம் பிரிவைப் படித்துப் பார்க்க வேண்டும். அறை, டேங்க், தொட்டி, குழி எதிலாவது ஆளைக் கொல்லும் ஆவி இருக்கக்கூடும் என்றால், அந்த ஆவியை அகற்றாமல் ஒருவரையும் உள்ளே அனுப்பக் கூடாது. ஆபத்து இல்லை என்று தகுதியுள்ள ஒருவர் எழுத்தில் சான்று தர வேண்டும். இல்லாவிட்டால் இறங்குகிறவர் சுவாசக் கருவி மாட்டியிருக்க வேண்டும், இடுப்பில் பெல்ட் கட்டியிருக்க வேண்டும், கயிற்றின் மறுமுனையை வெளியே ஒருவர் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். இதோடு இன்னொன்றும் சொன்னது. அந்தக் கருவிகளைப் பயன்படுத்தவும், மூச்சு நின்றவருக்கு மூச்சு வரவழைக்கவும் போதுமான பேர் பயிற்சி பெற்றுப் பழகியும் இருக்க வேண்டும்.

'பயிற்சி பெற்று' என்பதோடு சட்டம் நிறுத்திக்கொள்ளவில்லை. 'பழகியும்' என்றது. ஒருமுறை கேட்டு வைத்த பாடம் ஆபத்து நேரத்தில் கைகொடுக்காது. கைக்கும் காலுக்கும் பழக்கமாகியிருக்க வேண்டும் என்பது 1948இலேயே தெரிந்திருக்கிறது. இன்றைக்கு 'ரெஃப்ரெஷர்' என்றும், தமிழில் எழுதினால் 'புத்தொளிப் பயிற்சி' என்றும் சொல்கிறார்களே, அதன் வித்து அந்த ஒரு சொல்லில் இருக்கிறது.

யார் தொழிலாளி என்பதிலும் சந்தேகத்துக்கு இடம் வைக்கவில்லை. 1976இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, நேரடியாகவோ, காண்டிராக்டர் மூலமாகவோ, தலைமை முதலாளிக்குத் தெரிந்தோ தெரியாமலோ வேலைக்கு வந்தவரும் தொழிலாளிதான். 'அவன் எங்க ஆளு கிடையாது, மேஸ்திரி கூட்டியாந்த ஆளு' என்று விபத்து நடந்த அன்று சொல்கிறார்களே, அந்தப் பேச்சுக்குச் சட்டத்தில் இடமில்லாமல் போய் ஐம்பது வருஷம் ஆகிவிட்டது.

பிறகு போபால். 1984 டிசம்பர் 2ஆம் தேதி நள்ளிரவு. அந்த நள்ளிரவுக்கு முன்னமே 1981 டிசம்பரில் அதே ஆலையில் பாஸ்ஜீன் வாயுவால் ஒரு தொழிலாளி செத்தார். அதற்குப் பிறகும் செலவைக் குறைக்கிறோம் என்று ஆளைக் குறைத்தார்கள். மீத்தைல் ஐசோசயனேட் பிரிவில் ஒரு ஷிப்டுக்குப் பன்னிரண்டு பேர் இருந்த இடத்தில் ஆறு பேர் ஆனார்கள். பயிற்சிக் காலமும் சுருங்கியது. கையேடுகள் இங்கிலீசில் இருந்தன. உள்ளே இருந்தவருக்கே இந்தக் கதி என்றால், ஆலைச் சுவருக்கு அந்தப் பக்கம் குடிசை போட்டிருந்தவர்களுக்கு எந்தப் பாடம் யார் சொன்னது? வாயு வந்தால் ஈரத்துணியால் முகத்தை மூடு என்கிற ஒரு வரிகூட அவர்களுக்குப் போய்ச் சேரவில்லை.

ஆயிரக்கணக்கில் பிணம் விழுந்த பிறகு 1987இல் சட்டத்தைத் திருத்தினார்கள். ஆபத்தான தொழில்களின் பட்டியல் ஒன்றைச் சேர்த்தார்கள். அதில் தோல் பதனிடுதலும் இருக்கிறது. என்ன ரசாயனம், என்ன ஆபத்து, எப்படித் தப்புவது என்பதைத் தொழிலாளிக்குச் சொல்லியாக வேண்டும் என்றார்கள். தகவல் கேட்கவும் பயிற்சி கேட்கவும் தொழிலாளிக்கு உரிமை உண்டு என்று 111ஏ பிரிவில் எழுதினார்கள். 1989இல் வந்த அபாயகர ரசாயன விதிகளும் ஆலைக்குள் வேலை செய்பவருக்குத் தகவல், பயிற்சி, கருவி, மாற்று மருந்து எல்லாம் தரவேண்டும் என்றன. 1990இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு ரசாயனங்கள் பற்றிய ஒப்பந்தத்தில், பயிற்சி தொடர்ந்து தரப்பட வேண்டும் என்று சேர்த்தது. இந்தியா அந்த ஒப்பந்தத்தை ஏற்றுக்கொள்ளவில்லை.

ஆக, எழுத்தில் குறை சொல்ல அதிகம் இல்லை. எழுத்து தொட்டி வரைக்கும் வந்ததா என்பதுதான் கேள்வி.

3. ஒரு வகுப்பு

சில வருஷங்களுக்கு முன் ஒரு தோல் தொழிற்சாலையில் நடந்த புத்தொளிப் பயிற்சி வகுப்புக்குப் போயிருந்தேன். தமிழ் எம்.ஏ. படித்தவன் என்று தொழிற்சங்கத் தோழர்கள் என்னைக் கூட்டிப்போனார்கள். அங்கே கொடுக்கிற துண்டுப் பிரசுரத்தை ஜனங்களுக்குப் புரிகிற தமிழில் எழுதித் தரவேண்டும் என்பது ஏற்பாடு. கொடுத்திருந்த மூலத்தில் 'வரையறுக்கப்பட்ட வெளிக்குள் நுழையுமுன் வளிமண்டலத்தைப் பரிசோதித்து உறுதிப்படுத்துக' என்று இருந்தது. எனக்கே இரண்டு முறை படிக்க வேண்டியிருந்தது. 'தொட்டியில எறங்கறதுக்கு முன்னாடி காத்தை மீட்டர்ல பாரு' என்றால் முடிந்தது. பண்டிதத் தமிழும் ஆபீஸ் தமிழும் ஆளைக் கொல்லும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

வகுப்பில் முப்பது பேருக்குக் குறையாமல் இருந்தார்கள். சூப்பர்வைசர்கள், டிரம் ஆபரேட்டர்கள், ஸ்டோர் குமாஸ்தா, வாட்ச்மேன். எல்லாரும் பதிவேட்டில் பெயர் உள்ளவர்கள். டீயும் பிஸ்கட்டும் வந்தது. சொல்லிக்கொடுத்தவர் நல்லவர், தெரிந்தவர். அவர் சொன்னதை நான் குறித்துக்கொண்டேன், இங்கே திருப்பிச் சொல்கிறேன். ஏனென்றால் இதைப் படிப்பவர்களிலும் பலருக்கு இது தெரியாது.

முடி கழிக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு போடுகிறார்கள். காரத்தன்மை இருக்கிற வரை அது அடங்கிக் கிடக்கும். சுண்ணாம்பு நீக்க அம்மோனியம் உப்புப் போடும்போதும், பிக்கிள் போட்ட கந்தக அமிலத் தண்ணீர் அதோடு கலக்கும்போதும் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். இரண்டு கழிவுநீரும் கடைசியில் போய்ச் சேருவது ஒரே தொட்டி. அந்த வாயு காற்றைவிடக் கனமானது. குழியின் அடியில் தங்கும். சேற்றுக்குள்ளும் அடைந்து கிடக்கும். இறங்கும்போது ஒன்றும் செய்யாது. மண்வெட்டி போட்டுக் கிளறினால்தான் பொங்கும்.

அதன் நாற்றம் அழுகிய முட்டை நாற்றம். பத்து லட்சம் பங்குக் காற்றில் ஒரு பங்குகூட இல்லாதபோதே மூக்குக்குத் தெரிந்துவிடும். ஆனால் நூறு பங்கு அளவுக்கு ஏறினால் சில நிமிஷத்தில் மூக்கு மரத்துப்போகும், நாற்றமே தெரியாது. ஐந்நூறு, ஆயிரம் என்று போனால் ஓரிரண்டு மூச்சில் ஆள் விழுந்துவிடுவார்.

இதைக் கேட்டதும் பின்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் எழுந்தார். இருபத்தைந்து வருஷமாய் ஷாப்பில் இருப்பவர்.

"இன்னா சார் சொல்றீங்க? நாத்தம் நின்னுச்சுன்னா வாயு போயிடுச்சுன்னுதானே நாங்க நெனைப்போம்? எங்க மேஸ்திரி அப்படித்தான சொல்லி எறக்குவாரு?"

"நாத்தம் திடீர்னு நின்னா, அப்பதான் ஓடணும் பெரியவரே" என்றார் சொல்லிக்கொடுத்தவர்.

வகுப்பு கொஞ்ச நேரம் அமைதியாகிவிட்டது. இருபத்தைந்து வருஷ அனுபவம் சொல்லிக்கொடுத்ததற்கு நேர் எதிராக இருந்தது அந்த ஒரு வரி. அனுபவம் இருந்தால் பயிற்சி எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். பட்டைத் தண்ணியில் நாக்கை நம்பலாம். இங்கே மூக்கை நம்ப முடியாது. புலன் பொய் சொல்கிற இடத்தில் அனுபவம் எத்தனை கூடினாலும் தைரியம்தான் கூடும், பாதுகாப்பு கூடாது. அதனால்தான் வருஷா வருஷம் உட்கார்ந்து அதையே திரும்பக் கேட்க வேண்டியிருக்கிறது.

இடைவேளையில் அந்தப் பெரியவர் என்னிடம் வந்தார். "தம்பி, இதை எங்களுக்குச் சொல்றாங்களே, நாங்க தொட்டியில எறங்கறதே இல்ல. எறங்கறவன் அதோ கீறான்" என்று பின்பக்கம் கை காட்டினார். கழிவுநீர்த் தொட்டி ஓரமாக நாலு பேர் அன்னக்கூடையில் சேறு அள்ளிக்கொண்டிருந்தார்கள். காண்டிராக்ட் ஆட்கள். காலில் செருப்பு இல்லை. அவர்களுக்கு வகுப்பு உண்டா என்று ஆபீசில் கேட்டேன். "அவங்க பெர்மனென்ட் இல்லையே சார், தினம் ஒருத்தன் வருவான். யாருக்குன்னு எடுக்கறது?" என்றார்கள். ரெஃப்ரெஷர் என்றால் ஏற்கெனவே படித்ததைப் புதுப்பிப்பது. முதல் பாடமே நடக்காதவருக்கு எதைப் புதுப்பிப்பது?

4. தம்பி விழுந்தால் அண்ணன் குதிப்பான்

சொல்லிக்கொடுத்தவர் மூன்று முறை அழுத்திச் சொன்னது: ஒருவர் உள்ளே விழுந்தால் இன்னொருவர் வெறுமனே இறங்கக் கூடாது. கயிற்றால் இழுக்க வேண்டும். சுவாசக் கருவி இல்லாமல் போனால் இரண்டாவது பிணம், மூன்றாவது பிணம். பத்திரிகைச் செய்திகளைக் கூர்ந்து பார்த்தால் இது விளங்கும். 'ஒருவர் மயங்கி விழ, அவரைக் காப்பாற்ற இறங்கிய மற்ற இருவரும்' என்றுதான் அநேகமாக இருக்கும்.

இது எல்லா நாட்டிலும் நடக்கிறது என்று புத்தகங்கள் சொல்லும். உண்மைதான். ஆனால் நம்ம ஊரில் இதற்குச் சாதியும் ஒரு காரணமாய்ச் சேர்கிறது என்பதைப் புத்தகங்கள் சொல்வதில்லை. மேஸ்திரி எங்கே ஆள் பிடிக்கிறார்? ஒரே காலனியில், ஒரே தெருவில், பல நேரம் ஒரே வீட்டில். தொட்டி வேலைக்கு வேறு யாரும் வரமாட்டார்கள் என்பதால் அண்ணன், தம்பி, மச்சான், சித்தப்பன் மகன் என்று ஒரே ரத்தம்தான் ஒரே குழியைச் சுற்றி நிற்கிறது. உள்ளே விழுந்தவன் கூடப் பிறந்தவன். வெளியே நிற்பவனிடம் போய் 'இறங்காதே, மீட்டரில் பார்' என்றால் எப்படி நிற்பான்? தம்பி விழுந்தால் அண்ணன் குதிக்கத்தான் செய்வான். அந்தக் குதிப்பைத் தடுக்க ஒரே வழி, கயிறும் முக்காலியும் எப்போதும் குழி மேலேயே இருப்பதும், இழுத்து இழுத்துக் கைக்குப் பழக்கமாகியிருப்பதும்தான். 1948 சட்டம் 'பழகியும்' என்று சொன்னது இதைத்தான். ஒரே நொடியில் மூன்று வீட்டுத் தாலி அறுவதற்குப் பாசம் காரணமில்லை. பழக்கிவிடாதவர்களே காரணம்.

மலக்குழியிலும் பாதாளச் சாக்கடையிலும் நடப்பது இதே வாயு, இதே சாவு. 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம் வந்தன. 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் 1993க்குப் பிறகு செத்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் 10 லட்சம் தரச் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக்கியது. அந்தச் சட்டம் பேசுவது சாக்கடையையும் மலத்தொட்டியையும். தோல் ஷாப்பின் கழிவுத் தொட்டிக்குத் தொழிற்சாலைச் சட்டம். சட்டங்கள் குழிகளைத் தனித்தனியாகப் பிரித்து வைத்திருக்கின்றன. இறங்குகிற ஆளை மட்டும் யாரும் பிரிக்கவில்லை. இரண்டுக்கும் ஒரே தெருவிலிருந்துதான் எடுக்கிறார்கள்.

5. ஆறு பேசப்பட்டது

பாலாற்றின் நாசம் பற்றி நிறையப் பேசப்பட்டது; பேசப்பட வேண்டியதும்கூட. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே விலை தரவேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் நிலைபெற்ற தீர்ப்பு அது. சட்டக் கல்லூரி மாணவர்கள் இன்றும் மனப்பாடம் செய்கிறார்கள். அந்த வழக்கின் பொருள் ஆறு, விளைநிலம், குடிதண்ணீர். கிணறு கெட்டுப்போன விவசாயியின் கதை அதில் இருக்கிறது. சல்பைடுத் தண்ணியில் முழங்கால் வரை நின்றவரின் கதை அந்த வழக்கின் பொருளாகவில்லை. குரோம் புண் என்பது தொழிற்சாலைச் சட்டத்தின் பட்டியலில் அறிவிக்கப்பட வேண்டிய நோய். அதை அறிவித்து எத்தனை தோல் தொழிலாளிக்கு நஷ்டஈடு வாங்கிக் கொடுத்தோம் என்று சங்கங்களும் தங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆற்றைக் காக்கப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. நல்லது. ஆனால் சுத்திகரிப்பு என்றால் என்ன? ஆற்றுக்குப் போன விஷத்தைத் தடுத்து ஓரிடத்தில் சேர்ப்பது. சேர்க்கிற இடத்துக்குத் தொட்டி வேண்டும். தொட்டியில் சேறு படியும். படிந்ததை அள்ள ஆள் வேண்டும். ஆக ஆறு பிழைக்கப் போட்ட திட்டத்தில் புதிய குழிகள் பிறந்தன. அந்தக் குழிகளுக்கும் பழைய தெருவையே பார்த்தார்கள்.

2015 ஜனவரி 31 அதிகாலை, ராணிப்பேட்டை சிட்கோ வளாகத்தில் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுச் சேற்றுத் தொட்டிச் சுவர் உடைந்தது. சேறு பக்கத்துத் தோல் ஆலைக்குள் புகுந்தது. உள்ளே தூங்கிக்கொண்டிருந்தவர்களில் பத்துப் பேர் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். வேலை செய்கிற இடத்திலேயே படுக்கை. பக்கத்தில் என்ன தேக்கி வைத்திருக்கிறார்கள் என்று அவர்கள் மொழியில் அவர்களிடம் யார் சொன்னது? மூட்டையின் மேல் இங்கிலீஷ் எழுதியிருந்தபோது எங்கள் அப்பன்மாருக்கு நேர்ந்ததுதான், போர்டில் தமிழ் எழுதியிருக்கும்போது வங்காளிக்கும் பீகாரிக்கும் நேர்கிறது. இன்றைக்கு நமக்குப் புரிகிற தமிழில் பாடம் வேண்டும் என்று கேட்கிற நாம், அவர்களுக்குப் புரிகிற மொழியில் வேண்டும் என்றும் சேர்த்துக் கேட்காவிட்டால் நம் கோரிக்கைக்கு நியாயம் இருக்காது.

6. கையெழுத்து யாரைக் காப்பாற்றுகிறது?

ஒவ்வொரு பயிற்சியின் முடிவிலும் ஒரு நோட்டு வரும். பெயர், தேதி, கையெழுத்து. மார்ச் 4ஆம் தேதி தேசியப் பாதுகாப்பு நாள் என்று உறுதிமொழி வாசிப்பார்கள். அதற்கும் ஒரு கையெழுத்து. இந்தக் கையெழுத்து யாருக்குப் பயன்படுகிறது என்று யோசிக்க வேண்டும். விபத்து நடந்த மறுநாள் அது விசாரணை அதிகாரியின் மேசைக்கு வருகிறது. 'நாங்க சொல்லித்தான் கொடுத்தோம் சார், அவன்தான் கேக்கல.' தொழிலாளியைக் காக்க வந்த பயிற்சி, முதலாளியைக் காக்கிற சாட்சியாகிவிடுகிறது.

ஆகவே, மறுக்கிற உரிமை இல்லாத பயிற்சி பாதிப் பயிற்சிதான். 'மீட்டர் பார்க்காம எறங்க மாட்டேன்' என்று சொன்னால் நாளைக்கு வேலை இருக்குமா? 1987 திருத்தம், உடனடி ஆபத்து என்று பட்டால் தொழிலாளி எடுத்துச் சொல்லலாம் என்றது. ஆனால் அட்வான்ஸ் வாங்கியவர், தினக்கூலிக்காரர், மேஸ்திரிக்கே வீட்டு வாடகை பாக்கி வைத்திருப்பவர் எந்த வாயால் எடுத்துச் சொல்வார்? அறிவைக் கொடுத்து அதன்படி நடக்க வழி கொடுக்காவிட்டால், தெரிந்தே சாவதற்குத்தான் பயிற்சி.

2025 நவம்பர் 21 முதல் பழைய தொழிற்சாலைச் சட்டம் போய், 2020இல் நிறைவேற்றிய பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. பழைய சட்டத்தில் மின்சாரம் உள்ள இடத்தில் 10 பேர், இல்லாத இடத்தில் 20 பேர் இருந்தால் அது தொழிற்சாலை. புதியதில் 20, 40. ஆபத்தான தொழில் என்று சர்க்கார் தனியே அறிவித்தால் ஒழிய, பத்துப் பதினைந்து பேரை வைத்து நடக்கிற சின்னச் சின்ன ஷாப்புகள் கணக்கிலிருந்து நழுவக்கூடும். சுண்ணாம்பும் சல்பைடும் அதிகம் புழங்குவது அப்படிப்பட்ட இடங்களில்தான். தலையை எண்ணித்தான் சட்டம் என்றால், வாயு தலையை எண்ணிப் பார்த்துவிட்டா வருகிறது?

நாம் கேட்க வேண்டியவை என எனக்குப் படுவது இவை. ஒன்று, பயிற்சி பதிவேட்டைப் பார்த்து நடக்கக் கூடாது. தொட்டியைப் பார்த்து நடக்க வேண்டும். எந்தத் தொட்டி, அதில் இறங்குவது யார் என்று பட்டியல் எடுத்து அவர்களுக்கே முதலில் நடத்த வேண்டும், காண்டிராக்ட் ஆளுக்குக் கூலியோடு. இரண்டு, வகுப்பறையில் பேசி முடிக்காமல் குழி மேலேயே கயிறு இழுத்துப் பழக்க வேண்டும். அதை ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது திரும்பச் செய்ய வேண்டும். மூன்று, இறங்குகிறவர் மொழியில் நடக்க வேண்டும். நான்கு, மறுத்தவரை வேலையை விட்டு நிறுத்தினால் அதைக் குற்றமாக்க வேண்டும். ஐந்து, இது எல்லாம் மனிதர் இறங்காமல் இயந்திரம் இறங்குகிற நாள் வரைக்கும்தான். நல்ல பயிற்சி கொடுத்து நம் பிள்ளைகளையே தொடர்ந்து இறக்கிக்கொண்டிருப்பது எவருக்கும் நோக்கமாக இருக்கக் கூடாது.

திண்டுக்கல் தோல் தொழிலாளர்களை வைத்து டி. செல்வராஜ் எழுதிய 'தோல்' நாவலுக்கு 2012இல் சாகித்ய அகாதெமி பரிசு கிடைத்தது. இலக்கியத்துக்குள் அந்தத் தொட்டி வந்துவிட்டது. வரலாற்றுக்குள் இன்னும் முழுதாக வரவில்லை. இதைப் படிக்கிற மாணவர்கள், எழுதுகிற தோழர்கள், அவரவர் ஊரில் இறங்கிச் செத்தவர்களின் விவரத்தைத் தெருத்தெருவாய்ப் போய் எழுதி வையுங்கள். அடுத்த முறை 'விஷவாயு தாக்கி' என்று பத்திரிகையில் வந்தால் மூன்று கேள்வியை மட்டும் எழுதி அனுப்புங்கள். இறக்கியது யார்? இறங்கியவர் பெயர் எந்தப் பதிவேட்டில் இருந்தது? அவருக்குக் கடைசியாகப் பயிற்சி கொடுத்தது எந்தத் தேதியில்? பதில் வராது. வராது என்பதையும் தேதி போட்டு எழுதி வையுங்கள். நம் வரலாற்றை நாம்தான் எழுதியாக வேண்டியிருக்கிறது.